கரளேகம் போட்ட வெள்ளம்

சுந்தரதாஸ் மாமா வாழ்க்கையில் பயந்தது ஒன்றுக்குத்தான், கரளுக்கு. ஈரலை எங்கள் பக்கத்தில் கரள் என்றுதான் சொல்வோம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும்கூட. அவருடைய அப்பா கரள் கெட்டு நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். அண்ணன் நாற்பத்தொன்றில். இரண்டு பேரும் சாராயத்தில் விழுந்தவர்கள். மாமா ஒரு சொட்டு தொட்டதில்லை. கல்யாண வீட்டின் பின்பக்கம் ஆட்கள் கூடி நின்றால் அந்தப் பக்கமே போகமாட்டார். "எங்க வீட்டுக்க பங்க அப்பனும் அண்ணனும் குடிச்சுத் தீத்தாச்சு" என்பார். ஆனாலும் தினமும் பல் தேய்த்து முடித்ததும் கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். மஞ்சள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சட்டை போடுவார்.

கேரள எல்லைக்குள் இருக்கும் உதியன்குளங்கரை சந்திப்பிலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. ரப்பர் வெட்டுக்காரர். ஒற்றசேகரமங்கலம் பக்கம் இரண்டு தோட்டங்களில் முந்நூற்றுச் சொச்சம் மரம் வெட்டுவார். விடியுமுன் பைக்கில் போய், பால் எடுத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு மதியம் திரும்புவார். மனைவி ஆனந்தபாய். ஒரே மகள் லிஜா. அவளும் நானும் ஒரே வகுப்பு.

நாங்கள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, 2011 மழைக்காலத்தில், ஊரில் மஞ்சள்காமாலை பரவியது. லிஜாவுக்கும் வந்தது. அவளுடைய கண்கள் மஞ்சளானதைக் கண்ட அன்று மாமா வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனவர், கூட வெட்டும் ராஜதாஸ் என்பவரிடம் சொல்லி அழுதிருக்கிறார். ராஜதாஸ் தோட்டத்து வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டினார். நீண்ட இலை, குழல் போல வளைந்த சின்னப் பூ.

"எலே, இது கரளேகமாக்கும். கரளுக்குள்ளது. பேரிலயே இரிக்குல்லா?"

அந்தப் பெயருக்கும் ஈரலுக்கும் உறவு உண்டா என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்குச் சந்தேகமே வரவில்லை. வேரைத் தோண்டிக்கொண்டு வந்து கொதிக்கவைத்துக் கொடுத்தார். மூன்று வாரத்தில் லிஜா தேறினாள். அந்த வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்பதை நான் லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போன பிறகு படித்தேன். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அது வேரின் வேலைதான்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். அவர் நிறுத்தவில்லை.

எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். யாரும் அதை வெறுமனே குடிக்கமாட்டோம். சீரகமோ கருங்காலியோ பதிமுகமோ போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் குடிப்போம். பதிமுகம் மரச்சீவல், போட்டால் தண்ணீர் ரோஜா நிறமாகும். மாமாவின் வீட்டில் பதிமுகத்தோடு விரல் நீளத்துக்குக் கரளேக வேரும் சேர்ந்தது. கொடியைக் கொண்டுவந்து வேலியில் நட்டார், நன்றாகப் படர்ந்தது. வெட்டுக்குப் போகும்போது அவருக்கு ஒரு பாட்டில், பள்ளிக்கு லிஜாவுக்கு ஒரு பாட்டில், சபைக்குப் போகும்போது மூன்று பேருக்கும் பெரிய பாட்டில் ஒன்று. வந்தவர்களுக்கும் அதுதான். லேசாகக் கைக்கும். பழகிவிட்டால் தெரியாது. பதினோரு வருடம் அந்த வீட்டில் வேறு வெள்ளம் காய்ச்சவில்லை.

2022 தொடக்கத்தில் மாமாவுக்குத் தோட்டத்துச் சரிவில் ஏறும்போது மூச்சு வாங்கியது. பசி இல்லை. முகம் வெளுத்தது. கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் இல்லை. சமாதானமாகிவிட்டார். இமைக்குள் சிவப்பே இல்லாமல் வெளுத்திருந்தது அவர் கண்ணில் படவில்லை.

நான் அப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். ஆனந்தபாய் மாமி இழுத்துக்கொண்டு வந்ததால் மாமா வந்தார். ரத்தம் எடுத்தேன். கிரியாட்டினின் 5.4 என்று வந்தது. சாதாரணமாக ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது. சிறுநீரகம் வடிக்காமல் ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு அது. மிஷின் தவறாக இருக்கும் என்று இரண்டாவது தடவை ஓட்டினேன். 5.5.

வெளியே வந்தபோது மாமா எழுந்து நின்றார்.

"மக்கா, கரள் எப்பிடி உண்டு?"

"கரளுக்கு ஒண்ணும் இல்ல மாமா. அதுக்க டெஸ்ட் எல்லாம் நார்மல்."

அவர் முகம் மலர்ந்தது. "கேட்டியா ஆனந்தம்? நான் சொன்னேன்லா? பதினோரு வருஷமா காத்து வச்சிருக்க கரளாக்கும்!" பெஞ்சில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நான் தாளை மடித்து மாமியின் கையில் கொடுத்து, நாளைக்கே திருவனந்தபுரம் போக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். மாமி என் கையை விடவில்லை. அவளுக்குத் தாளைவிட என் முகத்தை நன்றாகப் படிக்கத் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. மாமாவுக்குச் சர்க்கரை இல்லை, பெரிய ரத்த அழுத்தமும் இல்லை. டாக்டர் மலையாளத்தில், நாட்டுமருந்து, பச்சமருந்து, லேகியம், வலிக்கு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டார். மாமா இல்லை என்றார். அடுத்த தடவை போனபோதும் கேட்டார். மூன்றாவது தடவை ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டார். மாமி இல்லை என்றாள். லிஜா இல்லை என்றாள். மொழிக்குத் துணையாகப் போயிருந்த நானும் இல்லை என்றேன். யாரும் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் நோய்க்குக் குடிப்பது. நாங்கள் குடித்தது தாகத்துக்கு.

வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் தொடங்கியது. தண்ணீர் அளந்து குடிக்கச் சொன்னார்கள். மாமா அளந்தார். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலிலிருந்து அளந்து குடித்தார்.

எட்டாவது மாதம் ஆனந்தபாய் மாமி, தன் சிறுநீரகம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மாமா சம்மதிக்கவில்லை. "நீ ஒரு தேங்கா தூக்கினாலே இடுப்பு புடிக்குதுன்னு கெடக்கவ" என்று கேலி செய்தார். மாமி அவரைக் கேட்காமலே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள்.

அந்த முடிவோடு டாக்டர் தானே வார்டுக்கு வந்தார். மாமியைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரச் சொன்னார். மாமியின் கிரியாட்டினினும் கூடியிருந்தது. சிறுநீரில் புரதம் போனது. அவளிடமிருந்து எடுக்க முடியாது. பரம்பரை நோயாக இருக்க வழியில்லை, இருவரும் ரத்த உறவு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே கேடு என்றால் அந்த வீட்டில் ஏதோ உள்ளே போகிறது என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள், எந்தக் கிணறு, எந்த எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அடுத்த கட்டிலில் பொழியூர்க்காரி ஒருத்தி கிடந்தாள். அவளுக்குத் துணையிருந்தவர் கணவர் நார்பர்ட், கடலுக்குப் போகிறவர், எல்லோரிடமும் சத்தமாகப் பேசுவார். வார்டுக் குழாயில் தண்ணீர் நின்றிருந்ததால், மாமாவின் மேசையில் இருந்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். அப்படியே ஜன்னலுக்கு ஓடித் துப்பினார்.

"அண்ணே! இதென்ன வெள்ளமா, கசாயமா? இந்தக் கைப்பக் குடிச்சிட்டாக்கும் நீரு சிரிச்சிட்டு கெடக்கது?"

மாமா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.

"பதிமுகம், சாரே."

பதிமுகம் கைக்காதே என்றார்.

"கொஞ்சம் கரளேகம் உண்டு. அது மருந்தில்ல சாரே. வெள்ளத்தில போடுததாக்கும்."

டாக்டருக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. வேறு பெயர் உண்டா என்று என்னைக் கேட்டார். நான் ஃபோனில் தேடினேன். மலையாளத்தில் கருடக்கொடி, ஈஸ்வரமுல்லை என்று வந்தது. தமிழில் ஈஸ்வரமூலி. அதற்குக் கீழே இன்னொரு தமிழ்ப் பெயர் இருந்தது, பெருமருந்து.  மாமா அந்தக் கொடியைப் பெருமருந்து என்ற பெயரில் அறிந்திருந்தால், டாக்டர் மருந்து என்று கேட்ட முதல் நாளே அவர் வாயில் அது வந்திருக்கும். அந்த எட்டு மாதமாவது குடித்திருக்கமாட்டார்.

டாக்டர் லிஜாவையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டு விளக்கினார். அந்தக் கொடியின் இனத்தில் ஓர் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்துக்குப் போய் அங்குள்ள செல்களுக்குள் நுழைகிறது. செல்லுக்குள்ளே டிஎன்ஏ என்பது நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட வாசகம். இந்த நஞ்சு அதில் ஒரு குறிப்பிட்ட எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது அந்த வாசகத்தைப் பார்த்துப் படி எடுக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் எழுத்து தெரியாமல் வேறு எழுத்தைப் போட்டுவிடுகிறது. நிறைய செல்கள் இதைத் தாங்காமல் சாகின்றன, அதனால்தான் சிறுநீரகம் சுருங்குகிறது. சாகாமல் தப்பிப்பவற்றில் பிழை அப்படியே இருக்கும்.

லிஜா பாறசாலையில் ஓர் அட்சயா சென்டரில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் நகல் எடுக்கிற வேலை. அவள் கேட்டாள்.

"மிஷினுக்க கண்ணாடியில ஒரு புள்ளி ஒட்டினா எல்லா காப்பியிலயும் வரும். அதுபோலயா டாக்டர்?"

 கண்ணாடியைத் துடைத்தால் அடுத்த நகல் சுத்தமாக வரும், இங்கே நகலே அடுத்த மூலமாகிவிடுகிறது என்றார் டாக்டர். நஞ்சு ஒட்டிய தழும்பு வருடக்கணக்காகச் சிறுநீரகத்தில் கிடக்கும். குடிப்பதை நிறுத்திப் பத்து வருடம் கழித்துக்கூடச் சிறுநீர்க் குழாயிலோ பையிலோ புற்று வரலாம். வராமலும் போகலாம். இன்னாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு பரிசோதனையும் இல்லை. தேடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப்போல இயற்கையில் வேறும் உண்டு, பூசணம் பிடித்த நிலக்கடலையில், சோளத்தில், சரியாகக் காயாத கொப்பரையில் உண்டாகிற நஞ்சு இதே வேலையை ஈரலில் செய்யும் என்றும் சொன்னார்.

லிஜா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஈரல் என்ற சொல் வெளியே பெஞ்சில் இருந்த அப்பாவின் காதில் விழுந்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம்.

மாமாவுக்கு விஷயத்தை மறைக்க முடியவில்லை. வெள்ளத்தில் விஷம் என்று மட்டும் சொன்னோம்.  அவர் விரல் மடக்கி, தன் வீட்டில் அந்த வெள்ளம் குடித்தவர்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். மாமி. லிஜா. நான். சபைக் கமிட்டிக்காரர்கள். மீன் கொண்டுவருகிறவள். கறண்டு ரீடிங் எடுக்க வருகிறவர். மறுபடியும் லிஜா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பயம் சமையலறைவரை வந்தது. வேலிக் கொடியை ஷாஜி என்கிற பக்கத்து வீட்டுக்காரர் கையுறை போட்டுப் பிடுங்கினார். எரித்தால் புகை பாதிக்குமா, புதைத்தால் கிணற்றுக்கு வருமா என்று தெரியாமல் அது சாக்கில் கட்டியபடி ஒரு மாதம் கிடந்தது. ஆனந்தபாய் மாமி முன்பெல்லாம் பூசணம் பிடித்த கொப்பரையைச் சுரண்டிவிட்டு எண்ணெய்க்கு எடுப்பாள். இப்போது ஒரு துண்டில் கரும்புள்ளி கண்டால் கூடையோடு கொட்டினாள். மிளகாயைக் கொட்டினாள். கடலையைக் கொட்டினாள். குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "பிள்ளே, நான் அங்க ரெண்டு பிராவசியம்தான் குடிச்சேன். கொழப்பம் உண்டா?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு தடவையில் ஒன்றும் வராது என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போது என் குரலை நானே நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் லிஜாவின் பாட்டிலில் பாதி என்னுடையது.

லிஜாவின் பரிசோதனைக்குத் தேதி குறித்தார்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று ஒன்று, சிறுநீரில் கெட்ட செல்கள் உண்டா என்று ஒன்று. மாமா தானும் வருவேன் என்றார். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, நிற்கத் திராணி இல்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் லிஜாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படமாட்டேன்."

"கேளுங்கப்பா."

"நீ ஸ்கூலுக்குக் கொண்டுபோன வெள்ளம்... முழுக்கக் குடிச்சியா?"

லிஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சின்னப் பிள்ளையளுக்குக் கைப்பு புடிக்காதுல்லா. நீ கொட்டியிருப்ப. கொட்டினேன்னு சொல்லு. அப்பன் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

 அவள் கொட்டியவள் இல்லை. மூடியைத் திருகிக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை காட்டுவாள். அப்பா வெயிலில் வேரைத் தோண்டிக்கொண்டு வருகிறார் என்பாள்.

லிஜா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சிரித்தாள்.

"அப்பாவுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்னடே?"

"கொட்டிருவேன்பா. காலையில அடுக்களைக்குப் பொறத்தால போய் வாழ மூட்டில கொட்டிட்டு, ஸ்கூல் பைப்பில புடிச்சிக்குவேன். வீட்டில குடிக்கதும் அப்பிடித்தான். வாயில வச்சிட்டுப் போய்த் துப்பிருவேன்."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும். இவகிட்ட கேளுங்க."

மாமா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் என்ன செய்ய முடியும்? "ஆமா மாமா" என்றேன்.

அவர் மகளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "கள்ளி! அப்பன இத்தன வருஷமா ஏச்சிருக்கியே! அதாக்கும் அந்த வாழ ஒண்ணுகூடக் கொலைக்காம போனது!" எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "எம்மொவளாக்கும், என்னைய நல்லா ஏச்சிட்டா" என்றார். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அன்றுதான் அவர் சத்தம் போட்டுச் சிரித்தார்.

உள்ளே டாக்டர் எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். லிஜா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். "பதினோரு வருஷம். ஒண்ணரை லிட்டர்" என்றாள். படிவத்தை நான் நிரப்பினேன்.

கிரியாட்டினின் 1.1. இப்போதைக்கு நல்லது என்றார் டாக்டர். சிறுநீரில் இரண்டு மூன்று செல்கள் சந்தேகமாக இருந்தன. நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். எதுவரை என்று லிஜா கேட்டாள். டாக்டர் அடுத்த தேதியை எழுதினார்.

மாமா அதற்குப் பிறகு இரண்டரை வருடம் இருந்தார். டயாலிசிஸ் கட்டிலில் பக்கத்தில் யார் வந்து படுத்தாலும் மகள் தன்னை ஏமாற்றிய கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வாழை ஒன்று கூடும். கடைசியில் ஒரு தோட்டமே குலைக்காமல் போயிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு நாள் லிஜா காட்டாக்கடையில் சிநேகிதிக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு, நல்ல சேலை உடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறுவாள். திருவனந்தபுரம் போய்ச் சிறுநீர் கொடுத்துவிட்டு வருவோம். நானும் கொடுப்பேன். திரும்பும்போது ஒரு பேக்கரியில் லட்டு வாங்கிக் கல்யாண வீட்டுப் பலகாரம் என்று மாமாவுக்குக் கொடுப்பாள். "உனக்க சிநேகிதியளுக்கு எல்லாம் நடக்குது, நீ மட்டும் எப்பம்?" என்று அவர் கேட்பார்.

போன வருடம் ஓணம் கழிந்து அவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. இடது சிறுநீர்க் குழாயில் கட்டி. திறந்து பார்த்தபோது பரவியிருந்தது. நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில் இறந்தார். அதற்கு மூன்று நாள் முன்பு, கரளுக்கு ஒன்றும் இல்லையே என்று என்னிடம் கேட்டார். கரளிலும் இரண்டு இடத்தில் பரவியிருந்தது. "ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

ஆனந்தபாய் மாமிக்குச் சிறுநீரகம் இப்போது பாதிதான் வேலை செய்கிறது. வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறாள், சீரகம்கூடப் போடுவதில்லை. இதை எழுதட்டுமா என்று லிஜாவிடம் கேட்டேன். எழுது, அப்பா இல்லையே என்றாள்.

அவளுடைய அடுத்த தேதி ஜூன் பன்னிரண்டு. போன தடவை சந்தேகச் செல்கள் கொஞ்சம் கூடியிருந்ததால், இந்த முறை சிறுநீர்ப் பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். நேற்று வந்து, என்ன உடுத்துக்கொண்டு போக என்று கேட்டாள். எதையும் உடுக்கலாம், இனி யாரிடமும் கல்யாணம் என்று சொல்ல வேண்டியதில்லை என்றேன். 

"எனக்குப் பேடியா இரிக்குடி" என்றாள். அப்பா இருந்தவரை அவள் பயமாக இருக்கிறது என்று சொன்னதில்லை.